நிழலுக்குப் பழகிய செடிகள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தோட்ட வரலாறு

ஐரோப்பியத் தோட்டக்கலை நெடுங்காலம் நிழலை ஒரு குறையாகவே எண்ணி வந்தது. வெயில் விழும் நிலமே தோட்டத்துக்குரிய நிலம் என்றும், மதிலோரமும் மரத்தடியும் வீட்டின் வடபுறமும் எதுவும் விளங்காத மூலைகள் என்றும் கருதிய அந்த மரபு உடைந்து, நிழலுக்கென்றே செடிகளைத் தேடி வளர்க்கும் வழக்கம் நகரங்களின் நடுத்தர வீடுகள்வரை பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான். அதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. ஒளி குறைந்து, காற்று கெட்டு, கவனிக்க ஆளும் இல்லாத வீடுகளில் பச்சையாக ஏதாவது பிழைத்திருக்க வேண்டும் என்ற தேவையே முதற்காரணம்.

தொழிற்புரட்சியோடு லண்டனும் மான்செஸ்டரும் லீட்ஸும் பெருத்தபோது, பக்கச் சுவரை அடுத்த வீட்டோடு பங்கிட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள் தெருத்தெருவாக எழுந்தன. அவற்றின் கொல்லைப்புறம் பெரும்பாலும் உயர்ந்த செங்கல் மதில்களுக்கு நடுவே சிக்கிய குறுகிய முற்றமாகவே இருந்தது. லண்டன் 51 பாகைக்கும் சற்று மேலான வட அகலாங்கில் இருப்பதால் அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தென்வானில்தான் நிற்கும். ஆகவே வீட்டின் வடபுறம் குளிர்காலம் முழுவதும் வெயிலையே காண்பதில்லை. போதாக்குறைக்கு, வீட்டடுப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை வானை மறைத்து, இலைகளின் மேல் கரியாகப் படிந்தது. வீட்டுக்குள்ளும் இருளே மிகுந்திருந்தது. 1696 முதல் 1851 வரை சன்னல்களின் எண்ணிக்கையைக் கொண்டு வரி விதிக்கப்பட்டதால் பலர் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். 1845 வரை கண்ணாடிக்குத் தனியே தீர்வையும் இருந்தது. நாட்டுப்புற மாளிகைகளில் தோட்டக்காரர் பலர் வேலை செய்தனர்; நகரத்து நடுத்தரக் குடும்பத்திலோ சமையல் முதல் துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரே வேலைக்காரப் பெண்தான். நிழலையும் தாங்கி, ஆளையும் எதிர்பாராத செடி வேண்டும் என்ற தேவை இப்படித்தான் பிறந்தது.

இவ்விரு பண்புகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைச் செடியியல் விளக்குகிறது. செடி ஒளிச்சேர்க்கையால் உணவை ஈட்டுகிறது, சுவாசத்தால் அதைச் செலவிடுகிறது. வரவும் செலவும் சமமாகும் ஒளியளவை ‘ஒளி ஈடுசெய் புள்ளி’ என்பர். காட்டின் அடித்தளத்தில், பெருமரங்களின் இலைக்கூரைக்குக் கீழே வாழப் பழகிய செடிகளுக்கு இந்தப் புள்ளி மிகத் தாழ்ந்திருக்கும். அவற்றின் இலைகள் பெரும்பாலும் அகன்றவை, பச்சையம் செறிந்தவை; வளர்ச்சியோ மெதுவானது. மெதுவாக வளரும் செடிக்கு அடிக்கடி கத்தரிப்பும் எருவும் தேவைப்படாது. நேர்வெயில் படாத இலை நீரையும் குறைவாகவே இழக்கும். எனினும் நிழலை விரும்பும் செடியும் நிழலைத் தாங்கும் செடியும் ஒன்றல்ல. முன்னது வெயிலில் கருகிவிடும். பின்னது வெயிலில் செழித்தாலும் இருட்டில் சாகாமல் காத்திருக்கும். நிழலிலும் இருவகை உண்டு: மதிலோரத்து ஈர நிழல் ஒன்று, மரத்தின் வேர்கள் நீரையெல்லாம் உறிஞ்சிவிடும் வறண்ட நிழல் மற்றொன்று. இந்த வேறுபாடுகளை இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. செடிகளைச் சாகக் கொடுத்தே கற்றார்கள்.

வடசன்னலில் ஒரு புட்டி

அந்தப் பாடத்தின் முதற்பக்கத்தை எழுதியவர் நத்தேனியல் பாக்ஷா வார்டு என்ற மருத்துவர். லண்டன் துறைமுகத்தை அடுத்த வெல்குளோஸ் சதுக்கத்தில் வாழ்ந்த அவர், தம் வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கி, நீர் கசியவிட்டு, பெரணிகளையும் பாசிகளையும் வளர்க்க முயன்றார். சுற்றியிருந்த ஆலைகளின் புகை அவை அனைத்தையும் கொன்றது. பெரணி என்பது பூவும் விதையும் இல்லாமல், இலையின் அடிப்புறத்தில் பொடியாகத் திரளும் வித்துத்தூளால் இனம் பெருக்கும் செடிவகை. மலைச்சரிவின் ஈரத்திலும் மரநிழலிலும் இயல்பாக வளரும் அது, லண்டன் காற்றில் ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

1829ஆம் ஆண்டு வார்டு வேறொரு நோக்கத்துக்காக, அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமான இலைமக்கில் புதைத்து, அகன்ற கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்திருந்தார். பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, மாலையில் மீண்டும் மண்ணுக்கே வழிந்து இறங்குவதை அவர் கவனித்தார். பூச்சி கூட்டை விட்டு வெளிவரவிருந்த வேளையில் மண்ணின் மேல் இரண்டு முளைகள் தலைகாட்டின. ஒன்று புல், மற்றொன்று முற்றத்தில் எத்தனை முயன்றும் பிழைக்காத பெரணி. வார்டு அந்தப் புட்டியைத் தம் படிப்பறையின் வடக்கு நோக்கிய சன்னலுக்கு வெளியே வைத்தார். நேர்வெயில் படாத அவ்விடத்தில், யாரும் நீர் ஊற்றாமலேயே அவ்விரு செடிகளும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகே மடிந்தன. பெரணியைக் கொன்றது நிழலன்று, புகையும் வறண்ட காற்றுமே என்பதும், அவற்றைத் தடுத்துவிட்டால் நிழலே அதற்குப் போதுமான இடம் என்பதும் இதனால் தெளிவாயின.

வார்டு, ஹாக்னியில் பெயர்பெற்ற நாற்றுப்பண்ணை நடத்திய ஜார்ஜ் லாடிஜஸின் துணையோடு, மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட மூடிய பெட்டிகளைச் செய்வித்தார். 1833இல் இரண்டு பெட்டிகள் பெரணிகளோடும் புற்களோடும் கப்பலேறிச் சிட்னிக்குச் சென்றன; மறு ஆண்டு அதே பெட்டிகள் ஆஸ்திரேலியச் செடிகளோடு திரும்பின. தென்னமெரிக்க முனையின் உறைபனியையும் நிலநடுக்கோட்டின் வெக்கையையும் கப்பல் மேற்றளத்திலேயே கடந்து வந்த அச்செடிகள், வழியில் நீர் ஊற்றப்படாமலே உயிரோடு வந்து சேர்ந்தன. சீனத்திலிருந்து அனுப்பப்படும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றே இங்கிலாந்தை உயிரோடு அடைகிறது என்று மக்காவில் இருந்த மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன் 1819இல் கணக்கிட்டிருந்தார். இருபதில் பத்தொன்பதை இழந்துவந்த லாடிஜஸோ, புதிய பெட்டிகள் வந்த பின் இருபதில் பத்தொன்பது பிழைப்பதாகக் கூறினார். 1842இல் வார்டு தம் கண்டுபிடிப்பை நூலாக வெளியிட்டார். ‘வார்டியன் பெட்டி’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

அப்பெட்டி வரவேற்பறையோடு நிற்கவில்லை. சீனத்துத் தேயிலைச் செடிகளைச் செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் இமயமலைச் சரிவுகளுக்குக் கொண்டுவந்ததும், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா கிடைக்கும் சின்கோனா மரக்கன்றுகள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து 1860, 1861ஆம் ஆண்டுகளில் உதகமண்டலம் வந்ததும், 1876இல் லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 1,919 ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டதும் இத்தகைய பெட்டிகளில்தான். உதகைக்கு முதலில் வந்த சின்கோனாத் தொகுதி பிழைக்கவில்லை. ஈக்வடோரிலிருந்து பிறகு வந்த செம்பட்டை இனமே நீலகிரியில் வேரூன்றியது. லண்டனின் இருண்ட சன்னலுக்காக ஆக்கப்பட்ட கருவி, தென்னிந்திய மலைகளின் முகத்தையே மாற்றுவதில் பங்கேற்றது.

பெரணிப் பித்து

1845இல் கண்ணாடித் தீர்வை நீங்கியதும் வார்டியன் பெட்டி நடுத்தர வீடுகளுக்கும் எட்டும் பொருளாயிற்று. ரயில் பாதைகள் விரிந்ததும் டெவன், வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகளின் பெரணிகள் நகரத்தாருக்கு ஒருநாள் பயணத் தொலைவுக்கு வந்தன. 1850களில் பெரணி சேகரிப்பது ஒரு பித்தாகவே பரவியது. எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் அதற்கு ‘டெரிடோமேனியா’ என்று பெயரிட்டார். பெரணிக்கான கிரேக்கச் சொல்லையும் பித்துக்கான சொல்லையும் இணைத்த கேலிப்பெயர் அது. அதே ஆண்டில் தாமஸ் மூரின் பெரணி நூல், அசல் இலையையே ஈயத்தகட்டில் அழுத்திப் பதிவெடுத்து அச்சிடும் ‘இயற்கை அச்சு’ முறையில் ஒவ்வொரு நரம்பும் தெரியுமாறு வெளிவந்தது. தோட்ட எழுத்தாளர் ஷெர்லி ஹிப்பர்டு 1869இல் பெரணி வளர்ப்புக்கெனத் தனி நூல் எழுதினார். பாறைகளை அடுக்கிக் குகைபோல் அமைத்த ‘பெரணியகங்கள்’ செல்வர் வீடுகளிலும், சன்னலோரப் பெட்டிகள் எளியோர் வீடுகளிலும் இடம்பெற்றன.

பித்து இத்தனை வேகமாகப் பரவியதற்குச் செடியின் பொறுமையே பெருங்காரணம். பூ உதிர்ந்தால் பெருக்க வேண்டியதில்லை, விதை தூவ வேண்டியதில்லை, கழி நட்டுக் கட்டவும் வேண்டியதில்லை. ஈரம் மட்டும் காத்தால் போதும். ஆனால் வீட்டில் மிச்சமான அந்த உழைப்பின் விலையை மலைகள் கொடுத்தன. கூடை கூடையாகத் தோண்டிய பெரணிகள் நகரத் தெருக்களில் கூவி விற்கப்பட்டன; அரிய இனங்களின் இருப்பிடம் தெரிந்தவுடன் அவை வேரோடு பெயர்க்கப்பட்டன. ஒளி ஊடுருவும் அளவு மெல்லிய இலைகளைக் கொண்டதும், அருவியின் தெறிப்பிலேயே வாழ்வதுமான கில்லார்னி பெரணி சேகரிப்பாளர்களால் ஏறத்தாழ அழிந்தது; இன்றும் அது பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பில் உள்ள அரிய செடி.

ஜப்பானிலிருந்து வந்தவை

இங்கிலாந்து நிழலைக் குறையாக எண்ணிய காலத்திலேயே ஜப்பான் அதைத் தோட்டத்தின் உயிராகக் கொண்டிருந்தது. தேநீர் விருந்துக்குச் செல்லும் பாதையோரத் தோட்டங்களும், வீடுகளுக்கு நடுவே விடப்பட்ட சிறு முற்றத் தோட்டங்களும் பூக்களைவிடப் பாசியையும் பெரணியையும் பசுமை மாறாத இலைகளையுமே நம்பியிருந்தன. வெளிநாட்டாருக்கு நாட்டை அடைத்து வைத்திருந்த அக்காலத்தில், நாகசாகி அருகே டெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவு மட்டுமே டச்சு வணிகர்களுக்குத் திறந்திருந்தது. 1823இல் மருத்துவராக அங்கே வந்த ஜெர்மானியர் ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்டு, தடைசெய்யப்பட்ட ஜப்பானிய நிலப்படங்களை வைத்திருந்த குற்றத்துக்காக 1829இல் நாடு கடத்தப்பட்டார். மறு ஆண்டு ஐரோப்பாவை அடைந்த அவர் கொண்டுவந்தவற்றுள் ஹோஸ்டாச் செடிகளும் இருந்தன. அவற்றில் ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது.

ஹோஸ்டா என்பது மண்ணுக்கடியிலுள்ள தண்டிலிருந்து ஆண்டுதோறும் வட்டமாக இலை விரிக்கும் செடி. குளிர்காலத்தில் இலை முழுதும் மடிந்து, வசந்தத்தில் சுருட்டிய குருத்துகளாக மீண்டும் மேலெழும். ஜப்பானிய மலைக்கிராமங்களில் அந்த இளங்குருத்தை ‘உருயி’ என்ற பெயரில் கீரையாகச் சமைத்து உண்பர். ஐரோப்பாவிலோ அதன் இலையழகுக்கு மட்டுமே மதிப்பு. சீனத்திலிருந்து வந்த இரு இனங்கள் 1780, 1790களிலேயே பாரிசையும் லண்டனையும் அடைந்திருந்தன. 1812இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்டின் பெயரால் ஹோஸ்டா எனப்பட்ட இச்செடிக்கு 1817இல் ‘ஃபங்கியா’ என்ற மறுபெயர் இடப்பட்டதால், தோட்டக்காரர்கள் நெடுங்காலம் இரண்டாம் பெயராலேயே அதை அழைத்தனர். ஒருமுறை நட்டால் பல்லாண்டு ஒரே இடத்தில் கிடக்கும் அதற்கு ஓடில்லா நத்தைகளே பெரும்பகை. ஈர நிழலில் ஹோஸ்டா வளர்ப்பவருக்கு மிச்சமாகும் வேலையில் ஒரு பகுதி நத்தை பொறுக்குவதில் போய்விடும்.

ஆக்கூபா என்ற புதர்ச்செடியின் கதை இன்னும் விந்தையானது. பச்சை இலையில் மஞ்சள் பொன்தூள் தெளித்ததுபோன்ற புள்ளிகள் கொண்ட இச்செடி 1783இல் இங்கிலாந்துக்கு வந்தது. புகை, வறண்ட நிழல், மரத்தடி என எங்கும் பிழைத்ததால் நகர முற்றங்களை அது நிறைத்தது. ஆனால் ஆக்கூபாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வந்தது பெண் செடி மட்டும். ஆகவே பலகோடி இலைகள் தழைத்தும், அதன் செந்நிறப் பழத்தை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இங்கிலாந்தில் யாரும் கண்டதில்லை. ஜப்பான் வெளியுலகுக்குத் திறந்த பின், 1861இல் ராபர்ட் ஃபார்ச்சூன் அங்கிருந்து ஆண் செடியை வார்டியன் பெட்டியில் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் லண்டன் கண்காட்சிகளில் ஆக்கூபாப் பழம் பார்வைக்கு வந்தது.

இவ்வரிசையில் வீட்டுக்குள்ளே நுழைந்தது அஸ்பிடிஸ்ட்ரா. 1822இல் ஐரோப்பியத் தாவரவியலில் பெயர்பெற்ற இப்பேரினத்தில் வீட்டுத்தொட்டிகளை ஆண்ட இனம் சீனத்தது என்றே நெடுநாள் நம்பப்பட்டது. உண்மையில் அதன் தாயகம் ஜப்பானின் கியூஷு தீவுக்குத் தெற்கேயுள்ள சிறு தீவுகள். தோல் போன்ற தடித்த இலைகள் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக எழும். மெழுகு போன்ற கருஞ்சிவப்புப் பூ மண்ணோடு மண்ணாக மலர்வதால் வளர்ப்பவர் கண்ணுக்கே அது பெரும்பாலும் படாது. நத்தைகளே அதன் மகரந்தத்தைக் கடத்துகின்றன என்று முன்பு கருதப்பட்டது. காளான் கொசு எனப்படும் நுண்பூச்சிகளே அப்பணியைச் செய்கின்றன என்று அண்மைக்கால ஜப்பானிய ஆய்வு காட்டியிருக்கிறது. ஜப்பானியர் அதன் இலையை நறுக்கி உணவுப் பெட்டியில் ஒரு பண்டம் மற்றொன்றோடு கலவாமல் தடுப்பாக வைப்பர்; இன்றைய பெட்டிகளில் காணும் பச்சைப் பிளாஸ்டிக் தடுப்பு அந்த இலையின் போலியே. இங்கிலாந்தில் எரிவாயு விளக்கின் நச்சுக்காற்றையும் கனத்த திரைச்சீலைகளின் இருளையும் நீரூற்ற மறந்த கையையும் அது ஒருங்கே தாங்கியதால், ‘வார்ப்பிரும்புச் செடி’ என்ற பட்டம் பெற்றது. எல்லோர் வீட்டிலும் இருந்ததாலேயே அது பின்னர் ஏளனத்துக்கும் உள்ளாயிற்று. ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் வெளியிட்ட நாவலின் தலைப்பிலேயே அஸ்பிடிஸ்ட்ராவை நடுத்தர வர்க்க மரியாதையின் சின்னமாக நிறுத்தினார்.

எளிமையின் மறுபக்கம்

பராமரிப்பே வேண்டாத செடி எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கும் சீபோல்டின் செடியொன்றே சான்று. அவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் வளர்த்து விற்ற ஜப்பானிய நாட்வீடு என்ற செடிக்கு, அவ்வாண்டின் சிறந்த புதிய அழகுச்செடி என்று 1847இல் உட்ரெக்ட் தோட்டக்கலைச் சங்கம் தங்கப்பதக்கம் அளித்தது. 1850இல் அது கியூ பூங்காவுக்கு வந்தது. எந்த மண்ணிலும், அரைநிழலிலும், தானாகவே பெருகும் என்று போற்றப்பட்ட அச்செடி சொன்னபடியே பெருகியது. விரலளவு தண்டுக்கிழங்கு மண்ணில் விழுந்தாலும் முளைத்து, ஆற்றங்கரைகளையும் ரயில் மேடுகளையும் மூடியது. பிரிட்டன் முழுவதும் பரவியிருப்பது ஒரே பெண் செடியின் நகல்களே. 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அதை வெளியிடங்களில் நடுவதைக் குற்றமாக்கியது. நிழலான ஓக் காடுகளில் மறைப்புக்காக நடப்பட்ட ஊதாப்பூ ரோடோடென்ட்ரான் இனமும் இதே பாதையில் சென்று, தன் அடர்நிழலால் கீழே வேறெதையும் முளைக்கவிடாத பகையாக மாறியது.

தோட்ட எழுத்தாளர் வில்லியம் ராபின்சன் 1870இல் வெளியிட்ட தம் நூலில், பருவந்தோறும் மாற்றி நடும் பூப்பாத்திகளைக் கைவிட்டு, குளிரைத் தாங்கும் செடிகளை மரத்தடியிலும் வேலியோரத்திலும் தாமே வாழ விடுமாறு வாதிட்டார். அவர் பரிந்துரைத்தவற்றுள் நாட்வீடும் ஒன்று. இடத்துக்கேற்ற செடி என்ற அவருடைய கொள்கை சரி, அதற்கான எல்லையை அவர் வகுக்கவில்லை. அக்கொள்கையைச் செம்மைப்படுத்தியவர்கள் இருபதாம் நூற்றாண்டினர். மார்ஜரி ஃபிஷ் 1964இல் நிழல் தோட்டத்துக்கென நூல் எழுதினார். எஸெக்ஸ் மாவட்டத்தில் 1960இல் தோட்டம் தொடங்கிய பெத் சாட்டோ, ஒரு செடி தன் தாய்நிலத்தில் எந்த மண்ணில், எந்த ஒளியில் வளர்கிறதோ அதே சூழலில் அதை நடுவதே தோட்டக்கலையின் முதல் விதி என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். 1987 அக்டோபரில் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலில் அவருடைய மரக்கூட்டத்தில் பல மரங்கள் சாய்ந்தபோது, அந்த இடைவெளிகளையே நிழல் தோட்டமாக மாற்றினார்; 2002இல் அதைப் பற்றிய நூலும் வெளிவந்தது.

இன்று சென்னையிலும் கொழும்பிலும் அடுக்ககங்களின் இருண்ட மூலைகளை அழகுபடுத்துவோர் எதிர்கொள்வது ஏறத்தாழ விக்டோரியா காலத்து லண்டன்வாசிகளின் சிக்கலையே. ஒளி குறைவு, நேரம் குறைவு. அவர்கள் தேர்ந்தெடுக்கும் பாம்புச்செடி, தமிழ் மண்ணில் நாருக்காக அறியப்பட்ட மருளின் ஆப்பிரிக்க உறவு. அது நிழலைத் தாங்குமே அன்றி விரும்பாது. இப்போது பரவலாக விற்கும் இசட்-இசட் செடி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. கிழங்கில் நீரைச் சேமித்து வாரக்கணக்கில் வறட்சியைப் பொறுக்கும். வார்டின் புட்டியில் பெரணி முளைத்த அதே 1829ஆம் ஆண்டில், அதே லாடிஜஸ் நாற்றுப்பண்ணைதான் அச்செடியை முதன்முதலில் தாவரவியலுக்கு அறிமுகப்படுத்தியது. 1990களின் நடுவில் டச்சுப் பண்ணைகள் பெருக்கி விற்கும்வரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை. குறைந்த பராமரிப்பு என்பது செடியின் பண்பு மட்டுமன்று, செடிக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தம் என்பதே இவ்வரலாற்றின் தீர்ப்பு. ஆகவே நிழலுக்குச் செடி தேடுவோர் அது எத்தனை நாள் நீரின்றி இருக்கும் என்று கேட்பதோடு, எந்தக் காட்டின் அடித்தளத்திலிருந்து வந்தது, எப்படி எடுக்கப்பட்டது, தொட்டியை விட்டு வெளியேறினால் எங்கே நிற்கும் என்றும் கேட்டறிவது நல்லது.